ஸ்கேன் தேதி நெருங்கினாலே தூக்கம் போய்விடுகிறது

கேள்வி: எனக்கு 47 வயது. இடது மார்பில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். வருடாந்தர மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடுகிறது. குளிக்கும்போதெல்லாம் மார்பை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். போன முறை ரிப்போர்ட் இரவில் செல்போனுக்கு வந்தது. அதில் 'பைராட்ஸ் 2' என்று இருந்ததைப் பார்த்து, நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று விடியும்வரை அழுதேன். "கெட்டதையே நினைக்காதே" என்கிறார் கணவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு உடல் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதி கிடைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த இரவு நீங்கள் அழுதிருக்கவே வேண்டாம். பைராட்ஸ் என்பது நோயின் கட்டத்தைச் சொல்லும் எண் அல்ல. மேமோகிராம் படத்தைப் பார்த்த மருத்துவர் தம் கணிப்பைத் தெரிவிக்கப் போடும் எண். 2 என்றால், படத்தில் தெரிவது தீங்கற்றது. உங்களுக்கு வந்தது நல்ல செய்தி!

இந்த முறைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1 என்றால் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. 0 என்றால் இன்னொரு படமோ அல்ட்ராசவுண்டோ பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும். அறுவை நடந்த மார்பில் தழும்பும் ரேடியேஷனால் இறுகிய திசுவும் இருப்பதால் இப்படிக் கேட்பது உண்டு. 3 வந்தாலும் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 100-இல் 2-க்கு மேல் இல்லை. வழக்கமாக ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4, 5 வந்தால் பயாப்சி, அதாவது சிறிது திசுவை எடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்போதும் முடிவைச் சொல்வது பயாப்சிதான். இவ்வளவையும் உங்களுக்கு யாரும் முன்கூட்டி விளக்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரிப்போர்ட்டை நோயாளியின் கைக்கு அனுப்புகிறவர்கள், அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளையும் வைக்க வேண்டும்.

ஆகவே மேமோகிராம் தேதியை வாங்கும்போதே மருத்துவரைப் பார்க்கும் தேதியையும் வாங்கிவிடுங்கள். அடுத்த நாளே கிடைத்தால் நல்லது. ரிப்போர்ட் உங்கள் செல்போனுக்கு வர வேண்டாம், கணவரின் எண்ணுக்கு அனுப்புங்கள் என்று சொல்லலாம். அவரும் அதைத் திறக்காமல் மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவரட்டும். இடைப்பட்ட அந்த ஒரு நாளை வெறுமனே விடாதீர்கள். தங்கை வீடோ கோயிலோ அலுவலகமோ, எங்கே போவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெட் ஸ்கேன் விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: நிம்மதிக்காக எடுக்காதீர்கள். இத்தாலியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 1994-இல் வெளிவந்தன. சிகிச்சை முடிந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு மார்பு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் என்று தொடர்ந்து எடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருத்துவர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும்தான். அடிக்கடி ஸ்கேன் எடுத்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை. பெட் ஸ்கேன் அப்போது பரவலாக இல்லை. ஆனாலும், அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக அதை எடுக்க வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதலும். உடலில் செல்கள் மும்முரமாக இயங்கும் இடங்களை ஒளிரக் காட்டுவது பெட் ஸ்கேன். அதில் புற்றுநோய் மட்டும் ஒளிர்வதில்லை. சாதாரண வீக்கம், சளித் தொற்று, தடுப்பூசி போட்ட பக்கத்து நெறிக்கட்டியும் ஒளிரும். பிறகு அது என்னவென்று தெரியும்வரை இன்னொரு ஸ்கேன், ஒரு பயாப்சி, இன்னும் சில தூங்காத இரவுகள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை வரும் பயத்தை நீங்களே இரண்டாக்கிக்கொள்வீர்கள்.

மார்பைத் தொட்டுப் பார்ப்பதை மாதம் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும், அந்த வலியே அடுத்த சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் தழும்பிலோ அக்குளிலோ புதிய கட்டி, ஓயாத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சுத்திணறல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மேமோகிராம் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் கணவரும் பயந்துதான் அப்படிப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் தைரியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவருக்கு வேலை கொடுங்கள். "எனக்கு ஆறுதல் வேண்டாம், அன்றைக்கு லீவு போட்டு என்னோடு வாருங்கள்" என்று நேரடியாகவே கேளுங்கள்.

பயத்தால் மேமோகிராமையே தள்ளிப்போடத் தோன்றினாலோ, ரிப்போர்ட் நல்லபடியாக வந்த பிறகும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டாலோ மனநல உதவி தேவை. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. இரவில் பயம் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.