பச்சையா, மஞ்சளா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முன்பு ஒரு கட்டுரையில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருந்த ‘ஃபெஸ்டன்’ என்ற டேனிஷ் படத்தைப் போன ஞாயிறு பார்த்தேன். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் மகன் எழுந்து, சிறுவயதில் இவர் என்னையும் என்னோடு பிறந்த இரட்டையையும் சீரழித்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிற கதை. இரண்டு மூன்று இடங்களில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “இதுல என்ன சிரிப்பு?” என்று கேட்டுவிட்டு என் மனைவி எழுந்து போய்விட்டாள். அது இன்னும் உறுத்துகிறது. நான் சிரித்தது தப்பா? இன்னொன்று, அப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகும் விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அதை நம்பவே முடியவில்லை. படமும் பழைய கல்யாண வீடியோ மாதிரி கலங்கலாக இருந்தது.

அன்புடன்,
கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

கலங்கலை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் டிவியில் கோளாறு இல்லை. முதல்முறை பார்த்தபோது நானும் டிஸ்க்கை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். 1998-ல் வந்த இந்தப் படம், எளிமையான விதிகளுக்குக் கட்டுப்பட்டுப் படமெடுத்த ‘டாக்மா 95’ என்ற டேனிஷ் இயக்கத்தின் வரிசையில் முதலாவது. டேனிஷ் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரையரும் இந்தப் படத்தின் இயக்குநர் தாமஸ் விண்டர்பெர்க்கும் 1995-ல் பத்து விதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கேமரா கையில்தான் இருக்க வேண்டும், தனியாக விளக்கு போடக் கூடாது, பின்னணி இசை கூடாது, இயக்குநர் பெயரே திரையில் வரக் கூடாது. படம் பிடித்தது வீட்டு விசேஷங்களுக்கு வாங்குகிற சின்ன சோனி ஹேண்டிகேமில். பிடித்தவர் ஆண்டனி டாட் மேண்டில். பின்னால் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். ஒரு காட்சியில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்துவிட்டதை விண்டர்பெர்க் பாவமன்னிப்பு கேட்பதுபோல எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டார். பாதி விளையாட்டு, பாதி விரதம்.

சரி, விருந்தாளிகளுக்கு வருவோம். உங்கள் சிரிப்புக்கான பதிலும் அவர்களிடம்தான் இருக்கிறது.

டென்மார்க்கில் பெரிய குடும்ப விருந்து என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. யார் எப்போது பேச வேண்டும் என்று நடத்திவைக்க ஒருவர் இருப்பார். பேச நினைப்பவர் கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் மேஜை முழுக்க அடங்கிவிடும். பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. முடிந்ததும் கோப்பையை உயர்த்துவார்கள், அப்புறம் சாப்பாடு தொடரும். நடுநடுவே எல்லோருமாகப் பாட்டு.

இப்போது அந்த முதல் பேச்சை மறுபடி ஓட்டிப் பாருங்கள். மகன் கிறிஸ்டியன் கோப்பையைத் தட்டுகிறான். கையில் எழுதிவைத்த பேச்சு இரண்டு, ஒன்று பச்சைத் தாள், இன்னொன்று மஞ்சள். எது வேண்டும் என்று அப்பாவையே கேட்கிறான். அப்பா ஹெல்கே சிரித்துக்கொண்டே பச்சை என்கிறார். மாப்பிள்ளைத் தோழன் பேசுவதுபோன்ற அதே குரலில், அப்பா குளிக்கப் போகும்போதெல்லாம் தனக்கும் தன்னோடு பிறந்த இரட்டையான லிண்டாவுக்கும் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். லிண்டா இப்போது உயிரோடு இல்லை. அதே வீட்டில், குளியல் தொட்டியில் தற்கொலை செய்துகொண்டவள். மேஜையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் தாத்தா எழுந்து ஏதோ ஒரு பழைய கதையை ஆரம்பிக்கிறார். விருந்து தொடர்கிறது.

அவனைப் பேசவிட்டதும் அந்த முறைதான், அவன் பேசியதை விழுங்கியதும் அதே முறைதான். கோப்பையைத் தட்டியவனை யாரும் தடுக்க முடியாது, ஆனால் அவன் சொன்னது ‘ஓர் உரை’ ஆகிவிடுகிறது. அடுத்தவர் பேச வேண்டும், அடுத்த பதார்த்தம் வர வேண்டும். சமையல்கார நண்பன் கிம் ஆள்விட்டுக் கார்ச் சாவிகளை எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறான். அது கதைக்கான வசதி. சாவி கையில் இருந்திருந்தாலும் பாதிப்பேர் இனிப்பு வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்தெந்த இடங்களில் சிரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் சிரித்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில், வழியில் நடந்துவரும் அண்ணனை ஏற்றிக்கொள்வதற்காகத் தம்பி மைக்கேல் தன் மனைவியையும் குழந்தைகளையும் காரிலிருந்து இறக்கி நடக்கவிடுகிறான் இல்லையா, அங்கே. பிறகு, வெளியே தூக்கி எறியப்பட்ட கிறிஸ்டியன் திரும்பத் திரும்ப உள்ளே வரும்போது. காட்டுக்குள் மரத்தில் கட்டிப்போட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். மேடையில் கதவு திறந்து மூடும் பழைய கேலி நாடகத்தின் உத்தி அது. அதில் இப்படி ஒருவனை ஓடவிட்டதுதான் விண்டர்பெர்க்கின் துணிச்சல்.

சிரிப்பு தொண்டையில் நின்ற இடமும் உண்டு. மகள் ஹெலனின் காதலர் கறுப்பினத்தவர். அவர் எதிரிலேயே மைக்கேல் கறுப்பர்களைக் கேலி செய்யும் ஒரு பாட்டை எடுத்துக்கொடுக்க, மொத்த மேஜையும் சேர்ந்து பாடுகிறது. எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் கோபமாகப் பாடவில்லை, குஷியாகப் பாடுகிறார்கள். கிறிஸ்டியன் பேசும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்த அதே வாய்கள். உங்கள் மனைவி இங்கேதான் எழுந்து போனார் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சிரித்தது கிறிஸ்டியனைப் பார்த்து என்று நான் நினைக்கவில்லை. நாப்கினை மடித்துக்கொண்டு அடுத்த பேச்சுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

இடையில் ஒரு தகவல். 1996-ல் டேனிஷ் வானொலியில் ஓர் இளைஞன் தன் வாழ்க்கையில் நடந்ததாகச் சொன்ன கதையிலிருந்துதான் இந்தப் படம் கிளம்பியது. படம் வந்து சில வருடங்களுக்குப் பிறகு, விருந்தில் பேசியதாகச் சொன்னது தன் கற்பனை என்று அவனே ஒப்புக்கொண்டான். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. அப்படி ஒரு மேஜையில் எழுந்து பேசிவிட வேண்டும் என்று ஒருவன் கற்பனை செய்திருக்கிறான், கேட்டவர்கள் நம்பியும் இருக்கிறார்கள்.

இது நகைச்சுவைப் படமா என்று கேட்டால், கடைசிக் காலைக் காட்சிக்காகவே நான் ஆமாம் என்பேன். லிண்டா சாவதற்கு முன் எழுதிவைத்த கடிதம் விருந்தில் வாசிக்கப்பட்டாகிவிட்டது. “நீங்கள் அதுக்குத்தான் லாயக்கு” என்று ஹெல்கே தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இரவில் மைக்கேல் அவரை அடித்தும் ஆகிவிட்டது. மறுநாள் எல்லோரும் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெல்கே வருகிறார், தான் செய்ததை ஒப்புக்கொண்டு ஒரு சின்ன உரை ஆற்றுகிறார். அன்று வரை அப்பாவின் செல்லப்பிள்ளையாக இருக்கத் தவித்த மைக்கேல் எழுந்து அவரிடம் போய், நன்றாகப் பேசினீர்கள், இப்போது கிளம்புங்கள், நாங்கள் சாப்பிட வேண்டும் என்கிறான். மரியாதையாகவே சொல்கிறான். ஹெல்கே மனைவியைப் பார்த்து, வருகிறாயா என்று கேட்கிறார். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்புடன்.