வழியில் உடைந்து வந்த உதிரிபாகத்தை என்ன செய்வது?

தருவித்த ஹெட்லைட் உடைந்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், அதை வண்டியில் பொருத்திப் பார்க்காதீர்கள்; ஒரு திருகு ஏறிய தடம் தெரிந்தாலே, பொருத்தும்போதுதான் உடைந்தது என்று விற்பனையாளர் கைவிரிக்க இடமாகிவிடும். பெட்டியின் நசுங்கிய மூலை, முகவரிச் சீட்டு, உள்ளே அடைத்திருந்த தெர்மாகோல், உடைந்த பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து, அன்றைக்கே அவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பெட்டியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முகப்பு முழுதாக இருந்தாலும், பின்புறத்தில் திருகு பூட்டும் பிளாஸ்டிக் காதுகளில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும் (என் அனுபவத்தில் அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான்). பன்னாட்டு விமானச் சரக்காக வந்ததென்றால், 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை (விமானத்தில் வரும்போது நேரும் சேதத்துக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) பொருந்தும் பயணங்களில், சரக்கைப் பெற்ற 14 நாட்களுக்குள் விமான நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்தாக வேண்டும்.