பட்டா பெரியப்பா பேரில், பத்திரம் அப்பா பேரில்

கேள்வி: காங்கயம் பக்கம் எங்களுக்கு புஞ்சை ஏக்கர் 3.20 கொறங்காடு இருக்கிறது. 1962-ல் அப்பா வெளியாரிடம் கிரயம் வாங்கிப் பதிவு செய்த பூமி. அன்றிலிருந்து கிளுவை வேலி கட்டி ஆடு மாடு மேய்ப்பது நாங்கள்தான். யு.டி.ஆர். (நிலப் பதிவேடு புதுப்பிப்பு) வந்தபோது பட்டா பெரியப்பா பேரில் ஏறிவிட்டது. அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை, 2011-ல் தவறிவிட்டார். 2016-ல் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினோம். பெரியப்பா, "மாத்திக் குடுத்தர்றன் கண்ணு" என்றார். செய்யாமலே காலமாகிவிட்டார். போன சித்திரையில் பெரியப்பா மகன்கள் திருப்பூரிலிருந்து ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்து நிலத்தை அளக்கப் பார்த்தார்கள். கேட்டதற்கு, "பட்டா எங்கப்பா பேர்ல இருக்குது, நாப்பது வருசமாச்சு, இனி கேஸ் போட்டாலும் நிக்காது, அதுவுமில்லாம இது கூட்டுக் குடும்பத்துல வாங்குன பூமி" என்கிறார்கள். போலீஸில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா இருக்கிறார். அக்காவை ஊத்துக்குளியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நான் என்ன செய்வது? – ஒரு வாசகர், காங்கயம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது பத்திரத்தில் அப்படியே இருந்தால் பூமி உங்கள் அப்பாவுடையது. பட்டாவில் பெரியப்பா பேர் இருப்பதால் அது கைமாறிவிடவில்லை. ஆனால் இதைக் கோர்ட் சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் உடனே கிளம்ப வேண்டும். அவசரம் ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

"பட்டா இருந்தால் பூமி" என்ற நம்பிக்கை நம் பக்கம் வேரோடிப் போனதற்குக் காரணம் உண்டு. பட்டா முறையே கொங்கு மண்ணிலும் அதை ஒட்டியும் ஊன்றியதுதான். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் காடு காடாக அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை அங்கே நடத்திப் பார்த்தார்கள். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோயமுத்தூர் சீமையும் அவர்கள் கைக்கு வந்தது. மன்றோ 1820-ல் சென்னைக்கு கவர்னரான பின் மாகாணம் முழுக்க அதுவே வழக்கமாயிற்று. இன்னாரிடம் இத்தனை காடு, அதற்கு இவ்வளவு கிஸ்தி (நிலவரி) என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த சீட்டுதான் பட்டா. கிஸ்தி யாரிடம் கேட்பது என்பதே சர்க்காருக்கு வேண்டியிருந்தது. பூமி யார் யாரிடமிருந்து வாங்கியது என்ற சங்கதியை அந்தச் சீட்டு கேட்கவே இல்லை.

வாங்கின சங்கதிக்கு வேறொரு புத்தகம் வந்தது. 1864-ல் பதிவுச் சட்டம், 1882-ல் சொத்து மாற்றுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவான பத்திரத்தால்தான் விற்க முடியும் என்று அதன் 54-ம் பிரிவு சொல்கிறது. இன்றைக்கும் அதுதான் சட்டம். ஆக, கிஸ்திப் புத்தகம் தாசில்தாரிடம், கிரயப் புத்தகம் சார்பதிவாளரிடம். இரண்டும் நூற்றைம்பது வருசத்துக்கு மேலாகத் தனித்தனியே ஓடுகின்றன. தென் ஆஸ்திரேலியாவில் 1858-லேயே சர்க்கார் ஒரே பதிவேட்டை வைத்து உரிமைக்கு உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நமக்கு அந்த முறை வரவில்லை. வந்திருந்தால் என்னைப் போன்ற வக்கீல்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. வருவாய்த்துறைப் பதிவு யாருக்கும் உரிமையை உண்டாக்கவும் செய்யாது, பறிக்கவும் செய்யாது என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் ஸ்வர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்கில் சொன்னது. பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறது.

யு.டி.ஆர். கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1979-ல் தொடங்கி எண்பதுகளின் பின்பாதி வரை நடந்த பதிவேடு புதுப்பிப்பு அது. அதன் நடுவில், 1980 நவம்பர் 14-ல், தலைமுறை தலைமுறையாக இருந்த கர்ணம், மணியகாரர் பதவிகளை அரசு ஒரே அவசரச் சட்டத்தில் எடுத்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எந்தக் காடு எந்தத் தம்பியுடையது என்று மனப்பாடமாக வைத்திருந்த ஆட்கள் போன நேரத்தில்தான் பதிவேடு திருத்தி எழுதப்பட்டது. வீட்டில் மூத்தவர் யாரென்று கேட்டு அவர் பேரையே எழுதிக்கொண்டு போன பட்டாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். உங்களுடையதும் அந்த ரகமாகத்தான் தெரிகிறது.

"நாப்பது வருசமாச்சு" என்கிறார்களே, அதற்கு வருகிறேன். உரிமை விளம்புகை வழக்குக்கு, அதாவது பூமி நமதே என்று கோர்ட்டைச் சொல்லக் கேட்கும் வழக்குக்கு, 1963 காலவரையறைச் சட்டத்தின் 58-ம் இனப்படி மூன்று வருடம். எப்போதிலிருந்து என்பதுதான் கேள்வி. உரிமைக்குத் தெளிவான மிரட்டல் வந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்று 1930-லேயே, அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பைக் கையில் எடுத்துத்தான் 2010-ல் சுப்ரீம் கோர்ட் தயா சிங் எதிர் குருதேவ் சிங் வழக்கில், வருவாய்ப் பதிவேட்டில் பேர் தவறாக இருக்கிறது என்பதால் மட்டும் கெடு தொடங்காது என்றது. உங்களுக்கு மிரட்டல் வந்தது போன சித்திரையில். 2016-ல் பெரியப்பா சொன்ன வார்த்தையைப் பாருங்கள்: மறுக்கவில்லை, மாற்றித் தருகிறேன் என்கிறார். அது உங்கள் உரிமையை ஒப்புக்கொண்ட பேச்சு. அன்று கூட இருந்த பெரியவர்களில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தால் வழக்குக்கு அதுவே பெரிய பலம். அன்றைக்குக் காகிதம் ஏதாவது எழுதினீர்களா என்று நன்றாக யோசியுங்கள்; அதில் "பேசி முடிவு செய்வோம்" என்று இருந்தால் ஒரு கதை, "உரிமை இல்லை" என்று இருந்தால் வேறு கதை. எதுவானாலும் என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ மறைக்காதீர்கள்.

எதிரிடை அனுபவம், அதாவது அடுத்தவர் பூமியை நெடுநாள் அனுபவித்ததாலேயே அது தங்களுடையது ஆயிற்று, என்று அவர்கள் கிளம்பினால் பயப்பட வேண்டாம். அதற்குப் பன்னிரண்டு வருடம் நிலத்தில் இருக்க வேண்டும். பீரோவுக்குள் பட்டா இருந்தது அனுபவம் ஆகாது.

கூட்டுக் குடும்பம் என்ற வாதத்துக்கும் சுருக்கமாகப் பதில் இருக்கிறது. குடும்பம் ஒன்றாக இருந்தது என்பதற்காக அதில் ஒருவர் பேரில் வாங்கியதெல்லாம் பொதுச் சொத்து ஆகிவிடாது. மிதாட்சரம் என்ற பழைய இந்து சட்ட நூலிலிருந்து வந்த சட்டமும் அப்படி அனுமானிப்பதில்லை. அந்தக் கிரயத்துக்கு வருமானம் தரத்தக்க பூர்வீகச் சொத்து இருந்தது என்று சொல்கிறவர்தான் முதலில் காட்ட வேண்டும்.

இனி சாட்சியம். 1962 பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கமாட்டார்கள். பரவாயில்லை. முப்பது வருடம் பழகிய பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால் மெய்யானது என்று கோர்ட் அனுமானிக்கலாம் என்பது 1872 சாட்சியச் சட்டம். இப்போது 2023 சட்டத்தில் 92-ம் பிரிவாக அப்படியே இருக்கிறது. அசல் எங்கே என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் பதிவான அலுவலகத்தில் சான்றிட்ட நகல். இணையத்தில் வில்லங்கம் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன்னால் நேரில் மனுப் போட வேண்டும். உங்கள் பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலுகா என்று இருக்கும். யு.டி.ஆர். நடந்தபோது அது பெரியார் மாவட்டம், 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். "எங்களிடம் இல்லை" என்று ஓர் அலுவலகம் சொன்னால் அதோடு விட்டுவிடாமல் பழைய மாவட்டத் தலைநகரிலும் கேளுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) நகல் கிடைத்து, அதில் அப்பா பேர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கொறங்காட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. உழாத மேய்ச்சல் காடு என்பதால் அடங்கலில் (கிராம சாகுபடிக் கணக்கில்) தரிசு என்றே எழுதியிருப்பார்கள், அனுபவம் தெரியாது. வேலி கட்டின கூலிக் கணக்கு, மேய்ச்சலுக்குக் குத்தகை விட்ட சீட்டு எதுவானாலும் எடுத்து வையுங்கள். இன்னொன்று: பக்கத்துக் காட்டுக்காரர்களின் பத்திரங்களை வாங்கிச் செக்குபந்தியை (நான்கு எல்லை விவரத்தை) படியுங்கள். "இன்னார் பூமிக்குக் கிழக்கு" என்று உங்கள் அப்பா பேர் அதில் வந்திருக்கும். எழுதிக் கொடுத்தவரோ வாரிசோ வந்து சாட்சி சொன்னால் அதற்கு எடை கூடும்.

தாசில்தாரிடம் பட்டா மாறுதல் மனு கொடுங்கள், கலெக்டர் அலுவலகத்தில் டி.ஆர்.ஓ.வுக்கும் (மாவட்ட வருவாய் அலுவலருக்கும்) எழுதுங்கள். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். எதிர்தரப்பு உரிமை கோரினால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லித்தான் அனுப்புவார்கள். நேராக விளம்புகை, அவர்கள் தலையிடக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டு, கூடவே இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். 1872-ல் ஒரு கல்கத்தா வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன கொள்கை, பத்து வருடம் கழித்து சொத்து மாற்றுச் சட்டத்தின் 41-ம் பிரிவு ஆயிற்று. சொந்தக்காரர் சம்மதத்தோடு, அது வாய்விட்டுச் சொல்லாத சம்மதமாக இருந்தாலும், இன்னொருவர் சொந்தக்காரர் போலத் தோற்றமளித்து விற்றால், விசாரித்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் அப்பா இத்தனை வருடம் பேசாமல் இருந்ததை அந்தத் திருப்பூர் பார்ட்டி நாளைக்குச் சம்மதம் என்று வாதாடுவார். ஆகவே இந்த வாரமே அவருக்கு வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போக வேண்டும். பத்திரம் யார் பேரில், வேலி யாருடையது எல்லாம் அதில் இருக்கட்டும். தெரிந்தே வாங்கினேன் என்று ஆனபின் அவருக்கு 41-ம் பிரிவு கிடையாது. வழக்கு நம்பர் ஆனபிறகு வாங்கினால் 52-ம் பிரிவுப்படி தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். சார்பதிவாளர் தடுத்துவிடுவார் என்று எண்ணாதீர்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவை மறுக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அப்படி மறுக்க வழி கொடுத்த நம் தமிழ்நாட்டு விதி 55ஏ(i)-ஐ ரத்து செய்தது.

கடைசியாக, நீங்கள் ஒருவர் மட்டும் வாதியாக வரக்கூடாது. அப்பாவின் சுயார்ஜித (தானே சம்பாதித்த) பூமி 1956 வாரிசுச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சமமாக வந்திருக்கிறது. "அக்காளுக்குச் சீர் செஞ்சாச்சு" என்று நீங்கள் சொல்ல வருவது தெரிகிறது. சீர் பாகத்தில் கழியாது. நோட்டீஸ் போகும் முன் ஊத்துக்குளிக்குப் போய் அக்காவிடமும் மாமாவிடமும் பேசிவிட்டு, மூவரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். தீர்ப்பு வந்ததும் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 14-ம் பிரிவுப்படி அதன் நகலைத் தாசில்தாரிடம் கொடுத்தால் பதிவேட்டைத் திருத்த வேண்டும். அப்போது மூன்று பேர் பேரிலும் கூட்டுப் பட்டாவாகவே கேளுங்கள்.