ஃப்ளேம்ஸ் பிளேஆஃபுக்குப் போகுமா? மார்ச்சிலேயே கணிக்கலாம்

கனடாவின் கால்கரியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அடுத்த சீசனுக்கு எங்கள் ஊர் அணியான ஃப்ளேம்ஸ் ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுக்க நினைக்கிறோம். ஐஸ் ஹாக்கி எங்களுக்குப் புதிது. அணி பிளேஆஃபுக்குப் போகுமா என்று பட்டியலைப் பார்த்து எப்படிச் சொல்வது? கோடையில் யார் தங்குவார்கள், யார் போவார்கள் என்று முன்கூட்டியே தெரியுமா?"

ஓரளவு நன்றாகவே தெரியும்.

ஃப்ளேம்ஸ் ஆடும் வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் 32 அணிகள். அவை இரண்டு கான்ஃபரன்ஸாகவும், ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் இரண்டு டிவிஷனாகவும் பிரிந்திருக்கின்றன. பிளேஆஃபுக்குப் போவது 16. நான்கு டிவிஷனிலும் முதல் மூன்று இடங்கள், அதுபோக ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் மிச்சமுள்ளவர்களில் அதிகப் புள்ளி எடுத்த இரண்டு அணிகள் (வைல்டு கார்டு). ஜெயித்தால் 2 புள்ளி. ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்), அதிலும் முடிவு வராமல் போகும் ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1. அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை.

ஐபிஎல் பட்டியல் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இந்த 1 புள்ளியில்தான். அங்கே ஓர் ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து 2 புள்ளி. இங்கே ஓவர்டைம் போனால் 3. உங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு அணிகள் மோதி ஆட்டம் ஓவர்டைம் போனால் இரண்டுமே முன்னேறிவிடும். துரத்துகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 20 ஆட்டம் பாக்கி, அணி 6 புள்ளி பின்தங்கியிருக்கிறது. முன்னால் இருப்பவர்கள் சுமாராக ஆடி மிச்சமுள்ள 40 புள்ளியில் 22 எடுத்தாலே, அவர்களைத் தொட நீங்கள் 28 எடுக்க வேண்டும். முழு சீசனின் 82 ஆட்டத்துக்குக் கணக்கிட்டால் அது 115 புள்ளி வேகம். டிவிஷனையே வென்ற 2021-22 ஃப்ளேம்ஸ் எடுத்தது 111! செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2025 வசந்தத்தில் தொடர்ந்து 12 ஆட்டம் ஜெயித்து உள்ளே வந்தது உண்மைதான். அதை எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள்.

இரண்டு அணிகளின் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அறுபது நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகளை. பட்டியலில் நீங்கள் முதலில் தேட வேண்டிய கட்டமும் அதுதான். 2024-25-இல் கால்கரியும் ப்ளூஸும் ஆளுக்கு 96 புள்ளி. இந்தக் கட்டத்தால் ப்ளூஸ் உள்ளே, கால்கரி வெளியே. 96 எடுத்தும் வெளியே நின்ற அணிகள் என்எச்எல் வரலாற்றிலேயே மிகச் சில. 2022-23-இல் வேறு மாதிரி வலி: ஓவர்டைம், ஷூட்அவுட் தோல்விகள் மட்டும் 17; வின்னிபெக்கை விட 2 புள்ளி குறைந்து வாய்ப்பு போனது. இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2024-25 கால்கரி, கோல் அடிப்பதில் லீக்கின் கடைசி அணிகளில் ஒன்று. கோல் குறைந்தால் எல்லா ஆட்டமும் கடைசி நிமிடம் வரை இழுக்கும், முடிவு யார் பக்கமும் சாயும்.

அப்புறம் கோல் வித்தியாசத்தையும் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது) பாருங்கள். 2023-24-இல் வாஷிங்டன் மைனஸ் 37-உடன் உள்ளே நுழைந்து, முதல் சுற்றிலேயே நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்று வெளியேறியது.

சரி, கோடைக்கு வருவோம். பேர்களை விட்டுவிட்டு ஒப்பந்தம் முடியும் வருடத்தைப் பாருங்கள். பொதுவாக 27 வயதோ ஏழு சீசனோ ஆன வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் ஜூலை 1 முதல் எந்த அணிக்கும் போகலாம். பழைய அணிக்குப் பைசா ஈடு கிடையாது. 2022-இல், அந்த சீசனில் தான் அடித்த கோலும் பிறர் அடிக்க உதவியதுமாகச் சேர்த்து 115 குவித்த ஃப்ளேம்ஸ் வீரர் ஜானி கோட்ரோ அப்படித்தான் கொலம்பஸுக்குப் போனார். இளைய வீரர்கள் மீது அணிக்கு உரிமை உண்டு, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. 2024 ஆகஸ்டில் எட்மன்டனின் புரோபெர்க், ஹாலோவே இருவருக்கும் ப்ளூஸ் கூடுதல் சம்பளம் சொன்னது. எட்மன்டன் அந்தச் சம்பளத்தைத் தர முன்வராமல், பதிலுக்கு டிராஃப்ட் (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்புகளை வாங்கிக்கொண்டு இருவரையும் விட்டுவிட்டது. கால்கரியை முந்தியது அந்த இருவரும் இருந்த ப்ளூஸ்தான்.

ஃப்ளேம்ஸின் மேத்யூ கச்சக்கும் அதே 2022-இல், நீண்ட ஒப்பந்தத்துக்கு உடன்படாததால் பரிமாற்றத்தில் ஃப்ளோரிடாவுக்குப் போனார். பதிலுக்கு வந்தவர்களில் ஹ்யூபர்டோவுக்கு எட்டு வருடம், வருடத்துக்கு 1.05 கோடி டாலர். 2030-31 வரை அந்தச் சுமை இருக்கிறது. ஆனால் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2024-25-இல் 8.8 கோடி டாலர், அடுத்த வருடம் 9.55 கோடி, 2026-27-க்கு 10.4 கோடி என்று ஏறுவதால் பாரம் குறைந்துகொண்டே வரும். இதற்கு மறுபக்கமும் உண்டு: எல்லா அணியிடமும் பணம் இருப்பதால் நல்ல வீரர்களைச் சந்தைக்கே விடுவதில்லை. ஜூலை 1-இல் நிறைய கோல் அடிக்கும் பெரிய வீரர் ஒருவரை வாங்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நம்ப முடியாது. டிராஃப்டிலும் பரிமாற்றத்திலும்தான் தேற வேண்டும்; அதற்கு வருடங்கள் ஆகும்.

கோல்கீப்பர் விஷயத்தில் கவலை வேண்டாம். டஸ்டின் வுல்ஃப் ஏழு வருட ஒப்பந்தத்தில், வருடத்துக்கு 75 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் நிற்கிற வரை அணி அடியோடு சரியாது.

டிக்கெட்டுக்கு என் யோசனை: மார்ச் தொடக்கத்தில் மேலே சொன்ன மூன்றையும், அதாவது புள்ளி இடைவெளி, அறுபது நிமிட வெற்றி, கோல் வித்தியாசம், பாருங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு சரியாக இருந்தால் முழு சீசன் எடுங்கள். இல்லையென்றால் பரம எதிரி எட்மன்டனுடன் மோதும் ஆட்டங்களுக்கு மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட்டு, மற்றவற்றை அந்தந்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.