சினிமா கேள்வி - பதில்: துப்பாக்கி வெடிக்க இத்தனை நேரமா?

கே: 'லெ சாமுராய்' உலகத்தரமான கூலிக் கொலையாளி படம் என்றார்கள். ஆசையாக உட்கார்ந்தேன். கட்டிலில் படுத்திருக்கிறான், எழுந்து தொப்பி மாட்டுகிறான், கார் திருடுகிறான். பேச்சே இல்லை. பத்தாவது நிமிடம் அணைத்துவிட்டேன். தப்பு என் மேலா, படத்தின் மேலா?
- வாசகர், கும்பகோணம்

ப: இன்னும் கால் மணி பொறுத்திருக்கலாம். ழான்-பியர் மெல்வில் 1967-ல் எடுத்த அந்தப் படத்தில் முதல் வசனம் வரவே ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். வசனம் இல்லையே தவிர, தகவலுக்குப் பஞ்சமில்லை.

கார் திருடும் காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் மழைநீர் வழிகிறது. கொலையாளியாக வரும் அலென் டெலோன் யாருடையதோ ஒரு சிட்ரோயன் காரில் ஏறுகிறார். பெரிய சாவிக்கொத்தை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கிறார். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறார். கண் மட்டும் நேரே சாலையில். கையில் பதற்றமில்லை, அவசரமுமில்லை. வண்டிக்காரன் வந்துவிடுவானோ என்று பதறுவது நாம்தான். அடுத்து ஒரு ஷெட். அங்கே இருப்பவர் நம்பர் பிளேட்டை மாற்றுகிறார், காகிதங்களையும் துப்பாக்கியையும் கொடுக்கிறார், பணத்தை வாங்கிக்கொள்கிறார். இருவரும் வாயே திறப்பதில்லை. இது வழக்கமான ஏற்பாடு என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்பாதி ருசிக்கும். அதே ஷெட்டுக்கு அவன் மறுபடி வருகிறான். இந்த முறை ஷெட்காரர் வாய் திறந்து, இதுதான் கடைசித் தடவை என்கிறார். அவ்வளவுதான் வசனம். முதல் முறை மௌனத்தைப் பார்த்தவருக்கு அந்த ஒரு வரி திக்கென்றிருக்கும். நடுவில் போலீஸ்காரர்கள் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க அவன் அறைக்கு வருவார்கள். அவர்கள் கையிலும் ஒரு சாவிக்கொத்து. அவர்களும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். திருடனுக்கும் போலீசுக்கும் தொழில்முறை ஒன்றுதான் என்று மெல்வில் ஒரு சொல்கூடச் செலவழிக்காமல் சொல்லிவிடுகிறார். முதல் ஷாட்டில் கூண்டில் கிடக்கிற பறவைக்கும் வேலை இருக்கிறது: யாரோ வந்துபோனதை அவன் அறிவது அதன் படபடப்பை வைத்துத்தான்.

முடிவைச் சொல்லமாட்டேன். கடைசியில் கிளப்பில் தொப்பியைக் கொடுத்துவிட்டு, அதற்கான டோக்கனை அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் கவனியுங்கள்.

கே: அப்படியானால் மெதுவாகப் போகும் படமெல்லாம் நல்ல படமா? 'புரியாதவனுக்குப் போர் அடிக்கும்' என்று சொல்லியே தப்பித்துக்கொள்கிறார்களே!
- வாசகர், திருப்பூர்

ப: நியாயமான எரிச்சல். ஜிம் ஜார்முஷ் 2009-ல் ஸ்பெயினில் எடுத்த 'தி லிமிட்ஸ் ஆஃப் கன்ட்ரோல்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூலிக் கொலையாளியாக வரும் ஐசாக் டி பாங்கோலே காபிக்கடையில் உட்கார்ந்து இரண்டு எஸ்பிரெஸோ கேட்பார், இரண்டும் தனித்தனிக் கோப்பையில் வரவேண்டும். ஒருவர் வருவார், ஸ்பானிஷ் தெரியாதல்லவா என்பார், சினிமாவோ அறிவியலோ பேசுவார், தீப்பெட்டிகள் கைமாறும். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. படித்துவிட்டுக் காபியோடு விழுங்கிவிடுவார். அடுத்த ஊர், அடுத்த கடை, அதே சடங்கு.

திரும்பத் திரும்ப வருவது 'லெ சாமுராய்'க்கும் பொதுதான். வித்தியாசம், அங்கே ஒவ்வொரு முறையும் கயிறு கொஞ்சம் இறுகுகிறது. இங்கே யாரைக் கொல்லப்போகிறான், எது பிசகினால் மாட்டுவான் என்பது கடைசி வரை நம் கைக்கு வருவதில்லை. பயப்பட ஒன்றுமில்லாதபோது காத்திருப்பு வெறும் காத்திருப்பாகிவிடுகிறது. கிறிஸ்டோபர் டாயிலின் ஒளிப்பதிவுக்காகப் பார்க்கலாம். த்ரில்லர் என்று நம்பிப் போனால் கொட்டாவிதான். என் கணக்கில் அது புரியாத படமில்லை, த்ரில்லராகத் தோற்ற படம்.

கே: ஜார்ஜ் க்ளூனி நடித்த 'தி அமெரிக்கன்' பிடித்திருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஏன் திட்டினார்கள்?
- வாசகர், மதுரை

ப: 2010 செப்டம்பரில் வந்து அந்த வாரயிறுதி வசூலில் முதலிடம் பிடித்த படம் அது. ஆனால் தியேட்டரைவிட்டு வெளியே வந்தவர்களிடம் மதிப்பெண் வாங்கும் 'சினிமாஸ்கோர்' கணக்கெடுப்பில் கிடைத்தது டி மைனஸ். ஃபெயிலுக்கு ஒரு படி மேல். விளம்பரம் துப்பாக்கிச் சண்டையைக் காட்டி அழைத்தது. உள்ளே இருந்ததோ இத்தாலியின் அப்ரூஸோ மலை ஊர் ஒன்றில் தனியாக உட்கார்ந்து ஆயுதம் செய்து கொடுக்கிற மனிதனின் கதை. பிரியாணி என்று போர்டு போட்டு ரசம் சாதம் பரிமாறினால், ரசம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் திட்டுதான் விழும்.

அதில் மெக்கானிக் ஷெட்டில் பொறுக்கிய உலோகத் துண்டுகளை வைத்து அவன் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்ஸர் செய்கிற இடம்தான் படத்தின் இதயம். கையும் கருவியும் மட்டும். இயக்குநர் அன்டன் கோர்பைன் அடிப்படையில் புகைப்படக்காரர் என்பது அங்கே தெரியும்.

கே: 'தி டே ஆஃப் த ஜக்கால்' பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல வரும் கூலிக் கொலையாளியின் கதை. அதில் டி கோல் சாகமாட்டார் என்று ஊருக்கே தெரியும். பிறகென்ன த்ரில்?
- வாசகர், யாழ்ப்பாணம்

ப: ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் நாவல் 1971-ல் வந்தது, டி கோல் அதற்கு முந்தைய வருடமே வீட்டில் இயற்கையாக இறந்துவிட்டார். ஆகவே 'நடக்குமா' என்ற கேள்வியே கிடையாது. ஃப்ரெட் ஸின்னமன் 1973-ல் எடுத்த படம் கேட்பது 'எப்படி, எதுவரை' என்பதை. ஜக்காலாக வரும் எட்வர்ட் ஃபாக்ஸ் சந்தையில் தர்ப்பூசணி வாங்கி, மரத்தில் தொங்கவிட்டுச் சுடுவார். முதல் குண்டு தள்ளிப்போகும். குறிகாட்டியை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்புவார், மறுபடி சுடுவார், மறுபடி திருப்புவார். குறி சரியானதும் வெடிகுண்டுத் தோட்டா ஒன்று; பழம் சிதறிப்போகும். அதற்குப் பிறகு டி கோல் பிழைப்பார் என்று வரலாறு சொன்னாலும் மனசு நம்பாது! பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கே: இந்த மாதிரிப் படங்களை 1.5 வேகத்தில் பார்க்கலாமா? வீட்டு டிவியில் பார்க்க வேறு யோசனை உண்டா?
- வாசகர், கோயம்புத்தூர்

ப: பாட்டையும் சண்டையையும் ஓட்டிப் பார்ப்பது வேறு. நான்கு விநாடி வெறித்த பார்வை 1.5 வேகத்தில் மூன்று விநாடிகூட நிற்காது. அந்த ஒரு விநாடித் தயக்கம்தான் நடிப்பு. டிவி செட்டிங்கில் அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வகை வசதியை அணையுங்கள், இல்லையென்றால் மெல்வில் படம் மாலை சீரியல் மாதிரித் தெரியும். சவுண்ட்பாரில் 'நைட் மோட்' வேண்டாம்: அது மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும், அறையின் நிசப்தமும் குண்டுச் சத்தமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். விளக்கை அணைக்கவும். போனை அடுத்த அறையில் வைக்கவும். சைலன்ட்டில் மடியில் வைத்தால் பலனில்லை, கண் குனிந்த நேரத்தில்தான் சாவி மாறும்.

இரண்டு தவணையாகத்தான் முடியும் என்றால் ஒரு வேலை முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், காத்திருப்பின் நடுவில் வேண்டாம்.

கே: தமிழில் இப்படி ஒன்று?
- வாசகி, சேலம்

ப: மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013). பாட்டே கிடையாது, இளையராஜாவின் இசையும் நீண்ட மௌனங்களும் உண்டு. ஆனால் அது ஓடுகிற படம், காத்திருக்கிற படமல்ல.

கே: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
- வாசகர், தஞ்சாவூர்

ப: டேவிட் ஃபின்ச்சரின் 'தி கில்லர்' (2023). பாரிஸில் காலி அலுவலகம் ஒன்றில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் இலக்குக்காகக் காத்திருப்பதே ஏறக்குறைய இருபது நிமிடம். ஆனால் மனக்குரல் ஓடிக்கொண்டே இருப்பதால் புதியவருக்குத் தனிமை தெரியாது. பொறுமை, ஒழுங்கு, திட்டத்தை விட்டு விலகாதே என்று பாடம் எடுப்பான். நாடித்துடிப்பு இறங்கட்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். கடைசியில் சுட்டதும் குறி தவறிவிடும். அங்கே சிரிப்பு வந்தால் படம் உங்களுக்குப் பிடித்துவிட்டது, அடுத்த வாரம் 'ஜக்கால்' பாருங்கள். வராவிட்டால் வேறு வகைப் படம் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.