பேஸ்பால் தெரியாத அப்பாவையும், அதே நினைப்பாக இருக்கும் பிள்ளைகளையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு மைதானங்களைச் சுற்றிவர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

முடியும். ஒரே ஒரு நிபந்தனை: மைதானங்களை எண்ணாதீர்கள். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் பேஸ்பால் லீகான மேஜர் லீகில் 30 அணிகள் இருக்கின்றன. எல்லா மைதானங்களையும் பார்த்து முடிப்பதையே வாழ்க்கை லட்சியமாக வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். தனியாளாகவோ நண்பர்களோடோ போனால் அது நடக்கும். முட்டிவலி உள்ள பெரியவரையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அப்படிப் போனால், மூன்றாவது மைதானத்தில் எல்லோருக்கும் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் வண்டியை ஓட்டுங்கள். மைதானங்கள் தாமாக வழியில் வரும்.

நீங்கள் நியூ ஜெர்சியில் இருப்பதாகவும் கோடைக்கு ஊரிலிருந்து அப்பா வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. என் அப்பா திருநெல்வேலிக்காரர், ரேடியோ வர்ணனை கேட்டே கிரிக்கெட் கற்றவர். மகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். மகனுக்கு ஆட்டத்தைவிட மைதானத்துத் தின்பண்டங்களில்தான் நாட்டம். மனைவி, பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் வழியில் வரவேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் சம்மதித்தார். கோயில் என்றதும் அப்பாவும் சரி என்றுவிட்டார். ஆக வழி இப்படி அமைந்தது: ஹோபோக்கன், பேட்டர்சன், கூப்பர்ஸ்டவுன், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க், பால்டிமோர், வீடு.

ஹோபோக்கனில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. வாஷிங்டன் தெருவும் பதினோராவது தெருவும் சேரும் இடத்தில் ஒரு நினைவுக் கல் மட்டும் இருக்கிறது. எலிசியன் ஃபீல்ட்ஸ் என்ற புல்வெளி அங்கே இருந்தது. 1846 ஜூன் 19 அன்று நிக்கர்பாக்கர் கிளப் என்ற அணி, தான் எழுதிவைத்திருந்த விதிகளின்படி நியூயார்க்கின் இன்னொரு அணியோடு அங்கே மோதியது. விதிகளை எழுதிய அணி 23-1 என்ற கணக்கில் தோற்றது. "சட்டம் போட்டவனுக்கே இந்த அடியா?" என்று அப்பா சிரித்தார். பயணத்தில் அவர் பேஸ்பாலைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது கூப்பர்ஸ்டவுனில் புரியும்.

பேட்டர்சனில் இருப்பது ஹின்ச்லிஃப் ஸ்டேடியம், அருவிக்குப் பக்கத்திலேயே. 1932-இல் கட்டியது, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2023-இல் மீண்டும் திறந்தார்கள். கறுப்பின வீரர்களை மேஜர் லீகில் சேர்க்காத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று நடத்திய நீக்ரோ லீக் ஆட்டங்கள் நடந்த மைதானங்களில் இன்றும் நிற்பவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. பேட்டர்சனில் வளர்ந்த லாரி டோபி என்ற பையன் நூவர்க் ஈகிள்ஸ் என்ற நீக்ரோ லீக் அணிக்கான தேர்வில் ஆடிக்காட்டியது இங்கேதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பயணத்தின் கதை இவருடையது. அல்லது, கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அத்தனை பேருடையது என்றும் சொல்லலாம்.

கூப்பர்ஸ்டவுனுக்கு ஒரு முழு நாள் வேண்டும். வழி அழகு, நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதி, மலைச்சரிவுகள், பால்பண்ணைகள். நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூரில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் எப்படி வந்தது? 1839-இல் இங்கேதான் ஆப்னர் டபிள்டே பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907-இல் ஒரு குழு அறிக்கை எழுதியது. குழு அமையக் காரணமானவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங், முன்னாள் பிட்சர் (பந்து வீசுபவர்), விளையாட்டுச் சாமான் வியாபாரி. ஆட்டம் அக்மார்க் அமெரிக்க ஆட்டமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர், இது இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டிருந்ததை அவரால் பொறுக்கமுடியவில்லை. குழுவுக்குக் கிடைத்த ஆதாரமோ, டென்வரிலிருந்து ஒரு முதியவர் எழுதிய கடிதம். 1839-இல் டபிள்டே இருந்தது கூப்பர்ஸ்டவுனில் அல்ல, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஆனாலும், ஹோபோக்கன் கல்லை விட்டுவிட்டு, அந்தக் கணக்கை வைத்தே "நூற்றாண்டு" கொண்டாடி 1939-இல் ஹால் ஆஃப் ஃபேமைத் திறந்துவிட்டார்கள்.

இதை நான் விளக்கி முடித்ததும் அப்பா சொன்னார்: "அப்படியானால் இது தலபுராணம். கோயில் நிஜம்தானே, அது போதும்." இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வேடிக்கை என்னவென்றால், டபிள்டேவுக்கு அந்த மண்டபத்தில் இடம் இல்லை. மறுத்துப் பேசிய சாட்விக்குக்கு வெண்கலப் பலகை இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த சாட்விக் முதலில் கிரிக்கெட் நிருபர். ஓர் ஆட்டம் முழுவதையும் ஒரு கட்டத்துக்குள் எண்களாக அடக்கும் பாக்ஸ் ஸ்கோர் அவருடைய கை வேலை. மட்டையாளர் மூன்று வாய்ப்பையும் இழந்து ஆட்டமிழக்கும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு இன்றும் எழுதும் கே என்ற எழுத்தும் அவர் வைத்ததுதான் என்பார்கள். முதல் முழுநேரத் தொழில்முறை அணியான 1869-இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட்டும் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் மகன், அவரே கிரிக்கெட் ஆடியவர். அப்பாவுக்கு இந்த இரண்டு பெயர்கள் போதுமாக இருந்தன. ஆட்டம் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. கடையில் ஒரு ஸ்கோர் புத்தகம் வாங்கி, எப்படி எழுதுவது என்று பேத்தியிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். கிரிக்கெட் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், பேஸ்பாலுக்குள் நுழைய அவருக்கு நல்ல வாசல் ஸ்கோர் புத்தகம்தான். விதிகளைக் காரில் உட்கார்ந்து விளக்காதீர்கள், சண்டையில் முடியும்.

வெண்கலப் பலகைகள் இருக்கும் கூடத்தில் குழந்தைகள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள். தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி ஆளுக்கு நாலு பெயர் கொடுங்கள். மகளுக்கு நான் கொடுத்ததில் ஒன்று எஃபா மேன்லி. நூவர்க் ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவர், 2006-இல் சேர்க்கப்பட்டவர், அந்த மண்டபத்தில் இருக்கும் ஒரே பெண். இன்னொன்று நீக்ரோ லீக் பிட்சர் சாட்சல் பெய்ஜ். 1971-இல் நீக்ரோ லீக் வீரர்களைக் கௌரவிக்க முடிவெடுத்தபோது, அவர்களுக்குத் தனிப் பகுதி வைப்பதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகே மற்றவர்களோடு ஒரே கூடத்தில் வைத்தார்கள். "அங்கேயும் தனி வரிசையா?" என்று மகள் கேட்டாள். நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்த கதையை அப்பா அவளுக்குச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டாள்.

ஒரு எச்சரிக்கை: கோடையில் அந்த வட்டாரத்தில் சிறுவர் அணிகளுக்கான போட்டி முகாம்கள் வாரந்தோறும் நடக்கின்றன. விடுதி வாடகை கண்ணைக் கட்டும். ஜூலைக் கடைசியில் புதியவர்களைச் சேர்க்கும் விழா வேறு நடக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது கொஞ்சம் தள்ளி வேறு ஊரில் தங்குங்கள்.

அங்கிருந்து கிளீவ்லாந்து ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இளையராஜாவும் தயிர் சாதமும் காப்பாற்றின.

கிளீவ்லாந்தில் இரண்டு இடங்கள். ஒன்று லீக் பார்க். 1891-இல் திறந்த மைதானம், இப்போது பொதுப் பூங்கா. பழைய டிக்கெட் கட்டடம் இன்னும் நிற்கிறது, உள்ளே ஒரு சிறு அருங்காட்சியகம். மட்டையாளர் நின்று ஆடும் ஹோம் பிளேட் பழைய இடத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் பேப் ரூத் தன் 500-ஆவது ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) 1929-இல் அடித்த அதே இடத்தில் உங்கள் பிள்ளைகள் மட்டையைப் பிடித்து நிற்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். பந்தும் மட்டையும் டிக்கியில் இருக்கட்டும். என் மகன் முழுப் பயணத்திலும் தின்பதை மறந்து ஓடிய இடம் இது ஒன்றுதான்.

இன்னொன்று கார்டியன்ஸ் அணியின் புரொக்ரெசிவ் ஃபீல்ட். வாசலுக்கு வெளியே லாரி டோபியின் சிலை. மேஜர் லீகில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கினார். அமெரிக்காவில் பள்ளிப்பிள்ளை முதல் எல்லோருக்கும் தெரிந்த நாள் அது. டோபி அதே ஆண்டு ஜூலை 5 அன்று கிளீவ்லாந்து அணியில் இறங்கினார், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரர். பதினோரு வாரங்களுக்குள் வசவு குறைந்துவிடுமா? ராபின்சன் கேட்ட அதே வசைகள், அதே தனி விடுதிகள். ஆனால் இரண்டாவதாக வந்தவரின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. 1948-இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை கிளீவ்லாந்து வென்றபோது அணியில் டோபியும் பெய்ஜும் இருந்தார்கள். ஹால் ஆஃப் ஃபேம் அவரை அழைக்க 1998 ஆயிற்று. பேட்டர்சன் அருவியருகே பார்த்த பூட்டிக்கிடந்த மைதானத்தையும் இந்தச் சிலையையும் சேர்த்துப் பார்த்தபோது, மகள் தானாகவே கதையைத் தம்பிக்குச் சொல்லத் தொடங்கினாள். இதற்காகத்தான் மைதானத்தை எண்ணாதீர்கள் என்றேன்.

பிட்ஸ்பர்க்குக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கோயிலுக்கு ஒரு காலை போதும், பென் ஹில்ஸ் மலைச்சரிவில் 1970-களில் எழுப்பியது. அங்கேயே புளியோதரை கிடைக்கும், கட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு ஓக்லாந்து பகுதிக்கு வாருங்கள். 1909 முதல் 1970 வரை பிட்ஸ்பர்க்கின் பைரட்ஸ் அணி ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் செங்கல் சுவர் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. சுவர் முடிந்த இடத்திலிருந்து அதன் பாதையைத் தரையில் செங்கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் ஹோம் பிளேட்டைக் கண்ணாடிக்கு அடியில் தரையிலேயே பதித்திருக்கிறார்கள். மாணவர்கள் அதன் மேலேயே நடந்து வகுப்புக்குப் போகிறார்கள். 1960 அக்டோபர் 13, உலகத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், 9-9 சமநிலை. பைரட்ஸின் பில் மசரோஸ்கி அடித்த பந்து சுவரைத் தாண்டியது, நியூயார்க்கின் யாங்கீஸ் தோற்றது. ஆண்டுதோறும் அதே நாளில் ரசிகர்கள் சுவரடியில் கூடி அன்றைய ஒலிபரப்பைக் கேட்கிறார்கள். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஷார்ஜா, மியாண்டாட், கடைசிப் பந்து" என்றார். 1986-இன் அந்த சிக்ஸர் அவருக்கு இன்னும் ஆறவில்லை. யாங்கீஸ் ரசிகர்கள் மீது அவருக்குப் பரிவு வந்துவிட்டது, நியூ ஜெர்சிக்காரியான பேத்திக்கு மகிழ்ச்சி.

இதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், பைரட்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற நீக்ரோ லீக் அணி வாடகைக்கு ஆடியது. அதன் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஜாஷ் கிப்சன். 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்கச் சில மாதங்களே இருந்தபோது, 35 வயதில் இறந்தார். அலகேனி கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் 1975 வரை பெயர்க்கல்கூட இல்லை. 2024-இல் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் பதிவுகளோடு சேர்த்தபோது, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் .367 பேட்டிங் சராசரியை (ஆடிய வாய்ப்புகளில் ஹிட் அடித்த விகிதம்) தாண்டி .372 என்று முதலிடத்தில் வந்து நின்ற பெயர் கிப்சனுடையது. தரையோடு தரையாக இருக்கும் அந்தக் கல்லை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது, யாரோ ஒரு பந்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மாலை ஆட்டத்துக்கு பிஎன்சி பார்க். ஆட்ட நாட்களில் ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஆற்றைக் கடந்து நடந்தே உள்ளே போகலாம். வலப்பக்கச் சுவரின் உயரம் 21 அடி, பைரட்ஸ் வீரர் கிளெமென்டேயின் சட்டை எண் 21. போர்ட்டோ ரிக்கோக்காரரான அவர் சரியாக 3,000 ஹிட்களோடு 1972 பருவத்தை முடித்தார். அந்த டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். ஐந்தாண்டு காத்திருப்பு விதியைத் தளர்த்தி மறுஆண்டே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மூன்றாம் பேஸ் பக்கத்து மேல் வரிசையை எடுங்கள். ஆறும் பாலமும் நகரமும் எதிரே விரியும். விலையும் குறைவு. நாங்கள் போனபோது வெளிச்சாப்பாடு அனுமதித்தார்கள், ஆகவே புளியோதரை அங்கேதான் தீர்ந்தது. ஆனால் பை அளவுக்கு விதி உண்டு, கிளம்பும் முன் மைதானத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

பால்டிமோர் திரும்பும் வழி. பேப் ரூத் பிறந்த சிறிய வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1992-இல் திறந்த கேம்டன் யார்ட்ஸிலிருந்து நடைபாதையில் வரைந்த பந்துகளைப் பின்தொடர்ந்தால் வந்துவிடும். ஒரு மணி நேரம் போதும், ரூத்தைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள்.

திட்டமிடும் வரிசை: முதலில் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வோர் அணியும் ஆடும் 162-இல் 81 ஆட்டங்கள்தான் சொந்த ஊரில், வெளியூர்ப் பயணம் ஒரு வாரத்துக்கு மேலும் நீளும். கிளீவ்லாந்திலும் பிட்ஸ்பர்க்கிலும் அடுத்தடுத்து ஆட்டம் இருக்கும் வாரம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு, கூப்பர்ஸ்டவுன் விடுதியை அதற்கேற்ப வையுங்கள். சின்ன ஆட்டம் ஒன்றைப் பார்த்துப் பழக வேண்டுமானால் 2023-இல் நியூ ஜெர்சி ஜாக்கல்ஸ் என்ற சிறிய லீக் அணி ஹின்ச்லிஃபில் ஆடத் தொடங்கியது, இப்போதும் அங்கே ஆட்டம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் ரொம்ப இழுக்குமோ என்று பயப்படவேண்டாம். 2023-இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அப்பாவுக்கு அதில்தான் குறை. ஐந்து நாள் டெஸ்ட் பார்த்தவர்.