மகள் கிளினிக் போடாமல் ஆய்வகத்துக்குப் போகலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். மகள் புதுச்சேரியில் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். மனிதக் கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். கருவை அழிப்பது பாவமில்லையா? டாக்டர் படிப்பு வீணாகாதா?
– வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரி,

கருக்கலைப்பில் கிடைக்கும் கருவுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை. சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெற முயலும் தம்பதிக்குச் சில கருக்கள் மிஞ்சும். அவர்கள் எழுதிக் கொடுத்துச் சம்மதித்தால்தான் அவற்றைத் தொடலாம். ஐந்தாறு நாள் கரு அது. ஊசிமுனை அளவு, நூறு இருநூறு செல்கள். உள்ளே இருக்கும் செல்களைப் பிரித்து வளர்ப்பார்கள். உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய இவைதான் ஸ்டெம் செல். கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) விதி. ஆனாலும் அந்தக் கரு அதோடு முடிந்துவிடுகிறது. இதை மனம் ஏற்காத டாக்டர்களும் உண்டு. உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். இதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் பிரித்தெடுத்த செல்களின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆராய்ச்சிக்கு வரும் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு கருவைப் பிரிப்பதில்லை.

படிப்பு வீணாகுமா என்றீர்கள். உங்கள் கடைக்கே முதல் வகைச் சர்க்கரை வந்த பிள்ளைகளுக்கு இன்சுலின் வாங்க வருவார்கள். ஹார்வர்டு பேராசிரியர் டக்ளஸ் மெல்டனின் கைக்குழந்தைக்கும் 1991இல் அந்த நோய் வந்தது. தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு, ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை உண்டாக்க இறங்கினார். அந்த வழியில் வந்த சிகிச்சையின் முடிவு 2025இல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் தேவைப்படவில்லை. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் விடாமல் எடுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் ஊசி நல்லதா, அந்த மருந்து நல்லதா? அந்தப் பிள்ளையை வார்டில் பார்த்தவரால்தான் இதை எடைபோட முடியும். தோல் செல்லையே கருச்செல் போல மாற்றிக் காட்டி 2012இல் நோபல் வாங்கிய ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவும் எலும்பு மருத்துவம் பயின்றவர்தான்.

அதனால் எம்.டி.யை விட வேண்டாம், முதலில் அதை முடிக்கட்டும் என்பேன். அதற்கு முன் சில மாதம் ஒரு ஆய்வகத்தில் இருந்து பார்க்கட்டும். விழுப்புரம் போனால் வேலூருக்கு ரயில் இருக்கிறது, அங்கே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் உண்டு. இந்தச் செல்களுக்கு அநேகமாகத் தினமும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும், பொங்கலன்றும்கூட. மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு கூட்டத்தின் ஓரத்தையும் பார்த்து, வேறு செல்லாக மாறத் தொடங்கியதைச் சுரண்டி எடுக்க வேண்டும். கிருமி பட்டால் பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். அதற்குப் பிறகும் மறுநாள் காலை போகத் தோன்றுகிறதா என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

வருமானம் கிளினிக் டாக்டருக்கு ஈடாக வராது. கடைக்கடனோ, வேறு செலவோ அவள் சம்பாத்தியத்தை நம்பி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் குத்திக்காட்டுவது போலாகும்.